கடை வைஃபையில் யாரோ செய்த குற்றம்: பழி என் தலையிலா?

பொறியியல் கல்லூரி ஒன்றின் எதிரே பேக்கரியும் டீ ஸ்டாலும் சேர்த்து நடத்தும் வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், கடையை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். கடைக்கு மேல்மாடியில் வீடு. கணவர் பெயரில் எடுத்த ஒரே ஃபைபர் இணைப்புதான் வீட்டுக்கும் கடைக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு தெருமுனைக் கடையில் "ஃப்ரீ வைஃபை" போர்டு வந்ததும், இவரும் பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார். கடைப் பெயரோடு 123 சேர்த்ததுதான் பாஸ்வேர்டு. ஒட்டிய நாளிலிருந்து மாற்றவில்லை. மாலை வியாபாரத்தில் பாதி, லேப்டாப்போடு வந்து உட்காரும் மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும். பில் போடும் கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டி, மகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் அதே வைஃபையில் ஓடுகின்றன.

போன வாரம், சைபர் கிரைம் காவல் நிலையத்திலிருந்து பேசுவதாக ஒரு போன். சென்ற மாதம் 11-ஆம் தேதி மாலை, இவர்கள் இணைப்பின் ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பைக் காட்டும் எண்), ஒரு பெண்ணின் படங்களை வைத்துப் போலி இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கப்பட்டிருக்கிறதாம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும் என்றார்களாம். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. "ரூட்டரை ரீசெட் பண்ணிடுங்க சித்தி, ஒண்ணும் இருக்காது" என்கிறான் அக்கா மகன். "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டச் சொல்கிறார் பக்கத்துக் கடைக்காரர். இனிமேல் எல்லோரிடமும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கச் சொல்கிறார் தம்பி. நான் ஜெயிலுக்குப் போவேனா, பொங்கலுக்கு வரும் கணவரை விமான நிலையத்திலேயே பிடிப்பார்களா, செய்தவன் யார் என்று நானே கண்டுபிடிக்க முடியுமா, வைஃபையை அடியோடு நிறுத்திவிடலாமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். "நான் டீக்கு வந்தவங்களுக்கு ஒரு வசதிதானே செஞ்சேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அதுதான் செய்தீர்கள். உங்கள் இணைப்பு வழியாக வேறொருவர் குற்றம் செய்தார் என்பதற்காக மட்டும் நீங்களோ உங்கள் கணவரோ குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் அடுத்த சில நாட்களில் பயத்தில் எதையாவது செய்து சிக்கலைப் பெரிதாக்கிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அதனால் அவசரமானதை முதலில் சொல்கிறேன். வைஃபையை எப்படிப் பத்திரமாகக் கொடுப்பது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்த போன் நிஜமா?

வந்தது போன் மட்டும்தான், எழுத்தில் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். இன்று போலீஸ் குரலில் பேசிப் பணம் பறிப்பவர்கள் அதிகம். "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் எதுவும் இல்லை. வீடியோ காலில் உட்கார வைப்பது, "கேஸை முடிக்க" பணம் கேட்பது, வங்கி விவரம் கேட்பது என்று எது வந்தாலும் அது மோசடி. உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் பேசுங்கள். உங்களுக்கு வந்த அழைப்பில் பணப் பேச்சே இல்லை, நிலையத்துக்கு வரத்தான் சொன்னார்கள் என்பதால் உண்மையாக இருக்கலாம். அழைத்த எண்ணுக்கே திரும்பப் பேசிச் சரிபார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. உங்கள் மாவட்ட நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியான குற்றங்களை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய முடியும். அந்த அதிகாரியின் பெயரையும் வழக்கு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

உண்மை என்று தெரிந்தால், அழைப்பை எழுத்தில் தரச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவுப்படி, சாட்சியாக ஒருவரை எழுத்து மூலமான உத்தரவால்தான் அழைக்க வேண்டும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. நீங்கள் விரும்பினால் நிலையத்துக்குப் போகலாம். போக விருப்பமில்லை என்றால் வீட்டுக்கு வந்து விசாரிக்கச் சொல்லலாம். என் யோசனை, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பகலில் நீங்களே போய்வருவது. ஒளிந்துகொள்ள உங்களிடம் எதுவும் இல்லையே.

ரூட்டரை ரீசெட் செய்யாதீர்கள்

அக்கா மகன் நல்லது நினைத்துத்தான் சொல்லியிருப்பான். ஆனால் இது மிக மோசமான யோசனை. ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, குற்றவாளியைக் காப்பாற்றும் எண்ணத்தோடு சாட்சியத்தை அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 238-ஆம் பிரிவில் தனிக் குற்றம். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் போன் வந்த மறுநாள் ரூட்டரைத் துடைத்தவரை யார் நம்புவார்கள்? இன்று நீங்கள் வெறும் சாட்சி. அந்த ஒரு பட்டனை அழுத்தினால் சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுவீர்கள்.

ரூட்டரின் மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டாம். பெரும்பாலான ரூட்டர்களில் பதிவுகள் மின்சாரம் போனதுமே அழிந்துவிடும். ஒரு மாதம் கழிந்துவிட்டதால் 11-ஆம் தேதிப் பதிவு இப்போது அதில் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் பிரவுசரில் ரூட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, சிஸ்டம் லாக் என்ற பதிவேடு, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல், தேதி நேரம் தெரியும் இடம் ஆகியவற்றை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி எடுங்கள்.

ரூட்டரைவிட முக்கியமானது சிசிடிவி. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய காட்சிகள் மேல் புதியவை பதிவாகிவிடும். சிறிய கடைகளில் இதற்கு 15 நாள், 20 நாள், மிஞ்சினால் ஒரு மாதம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு, 11-ஆம் தேதி மாலைக் காட்சிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கேமரா பொருத்திய ஆளை வரவழைத்து, புதிதாக வாங்கிய ஒரு பென்டிரைவில் எடுத்து உறையில் போட்டு வையுங்கள். அன்று மாலை வந்த யுபிஐ வரவுகளின் பட்டியலையும் பில் விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் விசாரணை அதிகாரியிடம் கொடுப்பதற்காக மட்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு "இவனாத்தான் இருக்கும்" என்று எந்தப் பையனையும் நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம். கடை வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். உங்கள் வைஃபை எட்டும் தூரத்துக்குள் பஸ் ஸ்டாப் நிழற்குடை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாஸ்வேர்டு இரண்டு வருஷமாக மாறவில்லை. என்றைக்கோ ஒரு டீ குடித்துப் போனவன், வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே செய்திருக்கலாம். கடைக்குள் இருந்து, காசு கொடுத்து, கேமராவில் பதிவான பையனுக்கு இதில் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

ரூட்டரையோ சிசிடிவி பெட்டியையோ போலீஸார் எடுத்துச் சென்றால், கைப்பற்றிய மகஜரின் நகல் கேட்டு வாங்குங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. காட்சிகளை நீங்கள் கொடுத்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் கையெழுத்து கேட்பார்கள். அந்தக் கருவி உங்கள் பொறுப்பில் இருந்தது, ஒழுங்காக இயங்கியது என்று சொல்லும் படிவம் அது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள், பயப்பட வேண்டாம்.

அதிகாரியிடம் இரண்டு விஷயம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, சமூக வலைத்தள நிறுவனம் கொடுத்த நேரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமா? இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அவர்கள் பதிவில் 13:10 என்று இருந்தால் நமக்கு அது மாலை 6:40. இதை மாற்றிப் படித்துத் தப்பான வீட்டுக் கதவைத் தட்டியது உண்டு. இரண்டாவது, ஐபி முகவரியோடு, அதைப் பகிர்பவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் வைத்து உங்கள் இணைப்பை அடையாளம் கண்டார்களா? இணைப்பு நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஒரு தெரு முழுக்க ஒரே முகவரியில் வெளியே தெரியலாம். போர்ட் எண்ணும் சரியான நேரமும் சேர்ந்தால்தான் இன்ன வீடு என்று சொல்ல முடியும்.

சட்டப்படி யார் பொறுப்பு?

போலிக் கணக்கு வழக்குகளில் வழக்கமாகப் போடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள். பிறர் அடையாளத்தைத் திருடுவதும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும். இரண்டுக்கும் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. ஜாமீனில் விடக்கூடியவை. இரண்டிலுமே நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். வைஃபை பெட்டியின் சொந்தக்காரர் என்பது அந்த எண்ணம் ஆகாது. மஸ்கட்டில் இருந்தவர் அன்று மாலை உங்கள் ஊர் வைஃபையில் இருந்திருக்க முடியாது என்பதற்கு அவருடைய பாஸ்போர்ட்டே சாட்சி. 7 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில் சந்தேகத்துக்குரியவரைக்கூட முதலில் நோட்டீஸ் கொடுத்து அழைப்பதுதான் நடைமுறை. இணைப்பு தன் பெயரில் இருப்பதையும், கடையை நடத்துவது நீங்கள் என்பதையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி அதிகாரிக்கு அவர் அனுப்பட்டும். விசாரணைக்குத் தானே முன்வந்து பதில் சொன்னவரை விமான நிலையத்தில் பிடிக்கக் காரணம் எதுவும் இல்லை. பொங்கலுக்குத் தைரியமாக வரச் சொல்லுங்கள்.

அப்படியானால் வைஃபை கொடுப்பவருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. அதன் பின்னணியைச் சொன்னால் புரியும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. தேடிப் போன போலீஸார் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் ஃபிளாட்டில் போய் நின்றார்கள். அவருடைய வைஃபைக்கு முறையான பூட்டு இல்லை, வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அனுப்பியவர் அவர் அல்ல என்பது பிறகு தெளிவானது. அதற்குள் அவர் பட்ட பாடு பெரிது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போதும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையை இப்படித்தான் பயன்படுத்தினார்கள். அதையடுத்து 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. பொது இடத்து வைஃபையில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வேண்டும், அதைப் புகைப்பட அடையாளச் சான்று பார்த்தோ செல்போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியோ கொடுக்க வேண்டும், பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிய ஒரே பாஸ்வேர்டு இதற்கு நேர் எதிர். "பாஸ்வேர்டு போட்டுத்தானே வைத்திருந்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு பூட்டாகாது.

2011-இல் வந்த சைபர் கஃபே விதிகளும் இருக்கின்றன. சைபர் கஃபே என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தரும் விளக்கம் விரிவானது: வழக்கமான தொழிலின் ஊடாகப் பொதுமக்களுக்கு இணையம் தரும் எந்த இடமும். எழுத்துப்படி பார்த்தால் உங்கள் பேக்கரியையும் அதற்குள் இழுக்கலாம். ஆனால் அந்த விதிகள் கம்ப்யூட்டர் வரிசையாக வைத்த கடைகளை மனதில் வைத்து எழுதியவை. தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. டீயோடு வைஃபை தரும் கடைக்கு அவை பொருந்தாது என்று வாதிட முடியும். என்றாலும் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்கச் சொல்ல மாட்டேன். யார், எப்போது பயன்படுத்தினார்கள் என்ற பதிவை ஓராண்டு வைத்திருங்கள். இதில் உங்களுக்கு நன்மையும் உண்டு. அதே சட்டம் சைபர் கஃபேயை இடைநிலையாளர், அதாவது பிறர் தகவலைக் கடத்தித் தருபவர், என்கிறது. உரிய கவனத்தோடு நடந்துகொண்ட இடைநிலையாளருக்கு, மற்றவர்கள் அனுப்பும் தகவலுக்கான பொறுப்பிலிருந்து 79-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. "உரிய கவனத்தோடு" என்பதுதான் அதில் முக்கியம்.

பக்கத்துக் கடைக்காரர் சொன்ன போர்டு விஷயமும் இதோடு முடிகிறது. "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதி மாட்டினால் சட்டம் விலகிப் போகாது. வாகன நிறுத்தத்தில் அப்படி எழுதி வைத்துவிட்டுச் சாவியை வண்டியிலேயே விடச் சொல்வது போன்றது அது. போர்டு வேண்டும், ஆனால் வேறு மாதிரி. கீழே சொல்கிறேன்.

வாடிக்கையாளருக்குத் தனி வாசல்

இப்போது உங்கள் கடையில் நிலைமை என்ன தெரியுமா? டீ குடிக்க வருபவரை அடுக்களை வழியாக, பீரோ இருக்கும் அறையைத் தாண்டி உள்ளே அழைத்து வருகிறீர்கள். பில் கம்ப்யூட்டரும் சிசிடிவி பெட்டியும் மகளின் லேப்டாப்பும் வாடிக்கையாளரின் போனும் ஒரே வலையில் இருக்கின்றன. கொஞ்சம் விவரம் தெரிந்த பையன் ஒருவன், கேமராப் பெட்டியின் பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்ததாகவே இருந்தால், உங்கள் கடையையும் மாடிப்படியையும் தன் போனில் உட்கார்ந்து பார்க்கலாம். வீட்டில் வளர்ந்த மகள் இருக்கிறாள். போலீஸ் விஷயத்தைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டியிலேயே "கெஸ்ட் நெட்வொர்க்" இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வசதியுள்ள ரூட்டர் ஒன்று சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டுக்கும் பில்லுக்கும் கேமராவுக்கும் ஒரு வலை, அதன் பாஸ்வேர்டு குடும்பத்துக்கு மட்டும். வாடிக்கையாளருக்கு கெஸ்ட் வலை. சில பெட்டிகளில் இரண்டாவது பெயர் ஒன்று வைக்கலாமே தவிர, உள்ளே எல்லாம் ஒரே வலையாகவே இருக்கும். அதனால் செட்டிங் செய்து தருகிற ஆள் எழுந்து போவதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள்: உங்கள் போனை கெஸ்ட் வலையில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிகளுக்கு 192.168.0.1. ரூட்டரின் லாகின் பக்கம் திறந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். பில் பிரின்டர் அந்தப் போனில் தெரிந்தாலும் அப்படியே. வாடிக்கையாளர்கள் ஒருவர் கருவியை ஒருவர் எட்டாதபடி "ஐசொலேஷன்" என்று ஒரு செட்டிங் உண்டு, அதையும் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் சில்லறை வேலைகள். ரூட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டையும் கேமராப் பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்து வையுங்கள். ரூட்டரில் டபிள்யூபிஏ3 என்ற பூட்டு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டபிள்யூபிஏ2. கடை மூடும் நேரத்தில் கெஸ்ட் வலை தானாக நிற்கும்படி நேரம் குறித்து வைக்கலாம். சிக்னல் வலிமையைக் குறைத்தால் பஸ் ஸ்டாப் வரை போகாது. கெஸ்ட் வலையின் செட்டிங்கில், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால், வைரஸ் பரப்பும் தளங்களும் ஆபாசத் தளங்களும் பெருமளவு தடுக்கப்படும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இலவசமாகத் தரும் சேவை அது. முழு வேலி ஆகாது, ஆனாலும் நல்லது.

ரூட்டரின் கடிகாரத்தை மறக்காதீர்கள். என்னிடம் வந்த விடுதிக்காரர் ஒருவர், பதிவுகளை ஒழுங்காக எடுத்து ஒரு கட்டு காகிதமாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒவ்வொரு வரியிலும் தேதி 1970 ஜனவரி 1. நேரம் செட் செய்யாத ரூட்டர் தான் உயிர்பெற்ற நொடியை அப்படித்தான் எண்ணும். அத்தனை பக்கமும் வீண். "என்டிபி" என்ற இடத்தில் நேரம் தானாகச் சரியாகும்படி வைத்து, இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. மறைத்த பெயரையும் காட்ட இலவசச் செயலிகள் இருக்கின்றன. வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கண்காணிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் வெளியார் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்தவை. எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது ஓரளவு தெரியும், உள்ளே என்ன செய்தார்கள் என்பது தெரியாது. அது உங்கள் வேலையும் இல்லை. எந்தப் போன் என்று கருவியின் எண்ணை வைத்துப் பிடிக்கலாம் என்று உங்கள் தம்பி சொன்னதும் இப்போது அவ்வளவு எடுபடாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை எண்ணைத்தான் காட்டுகின்றன. அதனால்தான் ஆளை அடையாளம் காண வேறு வழி தேவைப்படுகிறது.

ஆதாரும் வேண்டாம், நோட்டும் வேண்டாம்

டீ குடிக்க வருபவரிடம் ஆதார் ஜெராக்ஸ் கேட்காதீர்கள். கொடுக்கவும் மாட்டார்கள். கொடுத்தால் அந்தக் காகிதக் கட்டைப் பாதுகாக்கும் சுமை உங்களுடையது. அதில் ஒன்று திருடு போய் எவனாவது சிம் வாங்கினால் அடுத்த வழக்கிலும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

பல கடைகளில் செய்வதுபோல் கல்லாவில் ஒரு நோட்டைத் திறந்து வைத்து, பெயரும் செல் நம்பரும் எழுதச் சொல்வதும் வேண்டாம். ஒரு பெண் தன் எண்ணை எழுதிவிட்டுத் திரும்புகிறாள், வரிசையில் அடுத்து நிற்பவன் தன் போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்கிறான். ஒரு பெண்ணின் படத்தைத் திருடிய வழக்குதான் உங்களை இவ்வளவு தூரம் அலைக்கழித்திருக்கிறது. இன்னொரு பெண்ணின் எண் உங்கள் கல்லாவிலிருந்து போகக் கூடாது.

உங்களுக்கு நான் சொல்வது பிஎம்-வாணி. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பொது வைஃபைத் திட்டம் அது. டீக்கடை, மளிகைக்கடை போன்றவர்களை நினைத்தே உருவாக்கியது. கடைக்காரரான நீங்கள் அதில் "பொதுத் தரவு அலுவலகம்", சுருக்கமாக பிடிஓ. லைசென்ஸ், பதிவு, கட்டணம் எதுவும் உங்களுக்குக் கிடையாது. தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்த ஒரு நிறுவனத்தோடு நீங்கள் சேர்கிறீர்கள். வருகிறவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும் பதிவுகளை வைத்திருப்பதும் அவர்கள் பக்கத்து வேலை. வாடிக்கையாளர் செயலியில் ஒரு முறை பதிந்துகொண்டு இணைகிறார். அவர் நம்பர் உங்கள் கைக்கே வருவதில்லை. இணைப்புச் செலவுக்கும் வரம்பு வந்திருக்கிறது. 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்களை பிடிஓக்களுக்குத் தரும்போது, சில்லறை விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. வைஃபைக்குக் காசு வாங்கும் எண்ணம் பின்னால் வந்தாலும் இந்த வழியில் மட்டும் போங்கள். வீட்டுத் திட்டத்தை எடுத்து வெளியாருக்கு விற்பது தொலைத்தொடர்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் விஷயம்.

உங்கள் ஊரில் அந்த நிறுவனங்கள் எதுவும் இல்லையென்றால், ஓடிபி லாகின் தரும் ஹாட்ஸ்பாட் சேவை ஒன்றை மாதக் கட்டணத்துக்கு எடுக்கலாம். எஸ்எம்எஸ் நீங்களே அனுப்ப வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பதிவு தேவை, அந்த அலைச்சல் வேண்டாம். எண்களைச் சேகரிப்பது யாராக இருந்தாலும், வைஃபைக்காக வாங்கிய எண்ணுக்குக் கேக் விளம்பரம் அனுப்பக் கூடாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. எதற்காக வாங்குகிறோமோ அதற்கு மட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்துக் கட்டாயமாகின்றன. யூனிஃபார்மோடு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கூட இல்லாமல் இணைப்புத் தர வேண்டாம்.

மேஜை மேல் வைக்கும் அட்டையில் இவ்வளவு போதும்: "இந்தக் கடையின் வைஃபை பெயர் இதுதான். இணைய உங்கள் செல் நம்பர் சரிபார்க்கப்படும். இணைந்த நேரம் ஓராண்டு பதிவில் இருக்கும், சட்டப்படி கேட்டால் மட்டும் காவல்துறைக்குத் தரப்படும். நீங்கள் பார்ப்பதை நாங்கள் படிப்பதில்லை. பிறரைத் துன்புறுத்தும், சட்டத்துக்குப் புறம்பான பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை." முதல் வரி ஏன் என்றால், உங்கள் கடைப் பெயரிலேயே இன்னொருவன் போலி வைஃபை ஒன்றை வெளியே நின்று ஓட்டலாம். சரியான பெயர் கண்ணில் பட்டால் வருகிறவர் ஏமாற மாட்டார்.

இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுவதை இந்த விசாரணை முடிந்த பிறகு செய்யுங்கள். இப்போது மாற்றினால் எதையோ மறைப்பதாகத் தோன்றும். மாற்றும்போது கடைக்கென்று தனி இணைப்பே எடுத்துவிடுங்கள். அது முடிந்தால் நல்லது.

வைஃபையை அடியோடு நிறுத்துவது பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். நிரந்தரமாக நிறுத்த வேண்டாம் என்பேன். வீட்டில் இணையம் இல்லாமல், ஒரு டீயை வைத்துக்கொண்டு உங்கள் மேஜையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரோ ஒருவன் செய்ததற்கு அவர்கள் ஏன் இழக்க வேண்டும்? தற்காலிகமாக ஒரு வாரம் நிறுத்துங்கள். முதலில் படங்களை எடுத்துக்கொண்டு, அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, செட்டிங்கில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள், பெட்டியை ரீசெட் செய்யாமல். அன்றே கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அட்டையைக் கிழித்துவிடுங்கள். "என்னக்கா, நெட் வரலையே" என்று பையன்கள் கேட்டால், புது லைன் வேலை நடக்கிறது, அடுத்த வாரம் நம்பர் போட்டு உள்ளே வருகிற மாதிரி வரும் என்று சொல்லுங்கள். வழக்கைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல்லும் வேண்டாம். அந்தப் பெண்ணும் ஒருவேளை உங்கள் கடையில் வந்து டீ குடிப்பவளாக இருக்கலாம்.